மைவிக்கு நானே போட்ட ரிமோட் ஸ்டார்ட்டர்: பெட்டிக்கு மார்க் உண்டு, கூட வந்த வயருக்கு இல்லை

பனி விழும் நாட்டுக்காரர்கள் காடியைச் சூடாக்க வாங்கும் சாமானை நாம் குளிராக்க வாங்குகிறோம். கனடா பக்கம் கண்ணாடியில் உறைந்த பனி இளகட்டும் என்று, வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அமுக்கி இஞ்சினை ஓட விடுவார்கள். நமக்கு எதற்கு இது என்று கேட்பவர்கள் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் திறந்தவெளியில் நிற்கும் காடியின் ஸ்டீரிங்கை ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம்.

இப்போது வரும் பல காடிகளில் இது கம்பெனியிலேயே இருக்கிறது. புரோட்டோன் எக்ஸ்50, 2020-இல் வந்த ஹோண்டா சிட்டி எல்லாம் அந்த ரகம். என்னுடையது 2012 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் ரகம். கடனெல்லாம் கட்டி முடித்த காடி, இன்னும் நன்றாக ஓடுகிறது. இந்த ஒரு வசதிக்காகப் புதுக்காடிக்கு மாதாமாதம் கட்ட எனக்குப் பைத்தியமா?

அக்செசரி கடையில் கேட்டேன். சாமானும் கூலியும் சேர்த்து 600 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். சரி, நாமே போடலாம் என்றேன். மருமகனுக்கு அதில் இஷ்டமில்லை. “மாமா, எதுக்கு இந்த வேலை? கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுவான்.”

“ஒரு மணி நேரத்துல போட்டுடுறான்ல, அதான் பயமா இருக்கு” என்றேன்.

நான் டெலிகோமில் கேபிள் இணைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அது ஜேதிஎம் என்ற அரசாங்க இலாகாவாக இருந்த காலத்தில் சேர்ந்து, 1987-இல் அது கம்பெனியாக மாறிய பிறகும் அதே குழிக்குள் இறங்கி அதே வேலையைச் செய்தேன். வயரைப் பார்த்துப் பயப்படும் ஆள் இல்லை. அந்தக் கண்ணோடுதான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

இணையத்தில் வாங்கினேன். பெயர் பெற்ற பிராண்டு எதுவும் கிடையாது. ஒரே மாதிரிப் பெட்டியை ஏழெட்டு விற்பனையாளர்கள் ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள். விலையில்தான் ஏற்ற இறக்கம். மலிவானதில் சிரிம் என்ற தரச்சோதனை நிறுவனத்தின் லேபல் இல்லை. ரிமோட் என்பது ரேடியோ அலையை அனுப்பும் கருவி. இந்த நாட்டில் அப்படிப்பட்ட கருவிக்குத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் சான்று வேண்டும், அதற்கான லேபல் பெட்டியில் இருக்க வேண்டும். லேபல் உள்ளதற்கு 40 வெள்ளி அதிகம், மொத்தம் 189. கொடுத்தேன். தொலைத்தொடர்பில் சோறு சாப்பிட்டவன் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பெட்டிக்குள் இருந்தவை: உள்ளங்கை அளவு கறுப்புக் கன்ட்ரோல் பெட்டி, ரெண்டு ரிமோட், தடித்த வயர்க்கட்டு ஒன்று, மெல்லிய வயர்க்கட்டு ஒன்று, ஒட்டும் ஆன்டெனா, கொஞ்சம் கடிக்கும் கிளிப், பிறகு ஒரு தாள். அந்தத் தாளைப் பற்றிப் பேசி என் இரத்த அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள விருப்பமில்லை. படம் சரியாக இருக்கிறது. எழுத்தை யாரோ தூக்கத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாலிடர் சுத்தம். ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், ஒழுங்காக நிற்கின்றன, அகலமான தடங்களுக்கு மேல் ஈயமும் ஏற்றியிருக்கிறார்கள். இந்த விலைக்கு நல்ல வேலை. வயரில்தான் ஏமாற்று. தடித்த சிவப்பு வயரின் தோலை உரித்து, ஒற்றை இழையை விரல்நுனியில் வைத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், ரெண்டு இழுப்பில் உள்ளே வெள்ளையாகப் பளிச்சிட்டது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதே தடிமனில் உண்மையான செம்பு தாங்கும் கரண்டை இது தாங்காது, சூடேறும். முலாம் போன இடத்தில் சாலிடரும் ஒழுங்காகப் பிடிக்காது. 30 ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கும் வயர் இது. ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவில் கிடக்கப்போகிற வயர்.

நேராக ஜாலான் பாசாருக்குப் போனேன், புடுவில் இருக்கிறதே, அந்த எலெக்ட்ரானிக் சாமான் தெரு. ரிலே, பியூஸ் கூடு, வெப்பத்தில் சுருங்கும் குழாய், நல்ல செம்பு வயர் எல்லாம் அங்கே அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். இணையத்தில் எல்லாம் வந்துவிட்ட பிறகும், வயரைக் கையில் பிடித்து வளைத்துப் பார்த்து வாங்க அதுபோல் இடமில்லை. கூட வந்த தடித்த வயர் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, 4 சதுர மில்லிமீட்டர் செம்பில் மாற்றினேன். பியூஸை பேட்டரி மின்சாரம் எடுக்கும் முனைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கிட்டில் அது வயரின் நடுவில் எங்கோ தொங்கியது. பியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியாதா, தெரிந்தும் விட்டானா?

கடிக்கும் கிளிப்பையும் குப்பையில் போட்டேன். அந்தக் கிளிப்பின் தம்பியை, ஜெல் நிரப்பிய சின்ன ரகத்தை, வாழ்நாள் முழுக்கத் தொலைபேசிக் கம்பியில் அமுக்கியவன் நான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு. காடியில் பத்து, இருபது ஆம்பியர் ஓடும் வயரின் தோலைக் கடித்து ஒரு ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம், குண்டும் குழியுமான ரோட்டில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். தோலை ஓரங்குலம் விலக்கி, புது வயரைச் சுற்றி, சாலிடர் வைத்து, மேலே டேப் சுற்றிக் கட்டுவதுதான் என் முறை.

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். ஏர்பேக்குக்கான மின்சாரம் உடனே வடியாது. மஞ்சள் நிறக் கனெக்டர் எதைப் பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் வழி. பல்பு வைத்த டெஸ்டரால் அங்கே குத்திப் பார்ப்பது, வெடிக்குமா என்று சோதிப்பதற்குச் சமம். வயரைக் கண்டுபிடிக்கப் பேட்டரியை மறுபடி மாட்டித்தான் ஆக வேண்டும். அப்போது டிஜிட்டல் மீட்டர் மட்டும்.

சாவித்துளைக்குப் பின்னால் வரும் வயர்களின் நிறத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாடலுக்கு மாடல் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். யூடியூப்பில் எவனோ சொன்ன நிறத்தை நம்பி வெட்டினால் எவனும் வந்து ஒட்டித் தரமாட்டான். மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்து, சாவியை ஒவ்வொரு நிலையாகத் திருகிப் பாருங்கள். சாவியே இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். ரேடியோ நிலையில் உயிர்பெற்று, ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் மட்டும் பூஜ்யத்துக்கு இறங்குவது அக்செசரி. ஓன் நிலையில் வந்து, ஸ்டார்ட் அடிக்கும்போதும் இறங்காமல் நிற்பது இக்னிஷன். ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் மட்டும் எழுந்து விழுவது ஸ்டார்ட்டர்.

இந்தக் கிட்டின் பெரிய ஓட்டை இங்கேதான். இக்னிஷனுக்கு ஒரே ஒரு வயர் கொடுத்திருக்கிறார்கள். என் காடியில் இக்னிஷன் வயர் ரெண்டு. ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் இஞ்சின் ஜம்மென்று ஓடும், ஏர்கோன் விசிறி மட்டும் அசையாது. கனடாக்காரனுக்கு எப்படியோ, எனக்கு இஞ்சின் சும்மா ஓடி என்ன பிரயோசனம்? ரெண்டாவதற்குத் தனியாக ஒரு ரிலே போட வேண்டும். கிட்டின் இக்னிஷன் வெளியீட்டை ரிலேயில் 86 என்று எண் போட்ட முனைக்கும், பாடியை 85-க்கும், பியூஸ் போட்ட பேட்டரி வயரை 30-க்கும், காடியின் ரெண்டாவது இக்னிஷனை 87-க்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. ரிலேவும் கூடும் பத்து வெள்ளிக்குள். பத்து வெள்ளிச் சாமானைச் சேர்க்காமல் ‘எல்லாக் காடிக்கும் பொருந்தும்’ என்று பெட்டியின் மேல் அச்சடிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்தது இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படித்தால்தான் இஞ்சின் ஓட அனுமதி கிடைக்கும். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது சாவி அங்கே இல்லை. அதனால் இரண்டாவது சாவியைப் பைபாஸ் பெட்டி ஒன்றில் வைத்து டேஷ்போர்டுக்குள் ஒளித்துவிட்டு, அதிலிருந்து வரும் மெல்லிய கம்பிச் சுருளைச் சாவித்துளை வளையத்தின் மேல் சுற்ற வேண்டும். இந்தப் பெட்டி கிட்டில் வராது, தனியாக 45 வெள்ளி. கிட்டின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கியவர்கள் ‘ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது’ என்று திட்டி எழுதியிருப்பதில் பாதி இதனால்தான் இருக்கும்.

ஒரு சாவியைக் காடிக்குள்ளேயே வைப்பது திருடனுக்குத் தாம்பூலம் வைப்பது மாதிரி இல்லையா என்று என் வீட்டுக்கார அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ரிமோட் ஸ்டார்ட் நடக்கும் நேரத்தில் மட்டும் சுருளை இணைக்கும் பைபாஸ் பெட்டியை வாங்குங்கள். எப்போதும் இணைந்தே இருக்கும் ரகமும் விற்கிறது, அதை வாங்கினால் இம்மொபிலைசரே இல்லாத காடி மாதிரிதான். நான் ஒளித்து வைத்தது சில்லுள்ள தலையை மட்டும், வெட்டிய இரும்புப் பகுதி வீட்டில் இருக்கிறது. கண்டுபிடித்தாலும் அதை வைத்து ஸ்டீரிங் பூட்டைத் திறக்க முடியாது. இருந்தாலும் பழையபடி நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் ஏஜண்டிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இதுவரை எழுதியது இஞ்சினை ஓட வைக்கும் வயர்கள். ஓடக் கூடாத நேரத்தில் அதைத் தடுக்கும் வயர்கள் இன்னொரு கூட்டம். இந்த மாதிரிச் சாமானை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான். மெல்லிய வயர்க்கட்டில் பிரேக், ஹேண்ட்பிரேக், பானெட் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. இந்த விலையில் மூன்றும் இருப்பது ஆச்சரியம், அதற்கு முழு மார்க். ஆனால் பானெட்டுக்கான சுவிட்சைக் கொடுக்கவில்லை. தாளில் ‘விருப்பமிருந்தால்’ என்று போட்டிருக்கிறார்கள். விருப்பமாவது! போர்மேன் பானெட்டைத் திறந்து பெல்ட் பக்கத்தில் விரலை வைத்திருக்கிறார். வீட்டுக்குள் பேரன் ரிமோட்டை எடுத்து விளையாடுகிறான். அந்தச் சுவிட்சின் விலை எட்டு வெள்ளி. பானெட் திறந்திருந்தால் அது அந்த வயரைப் பாடியில் இணைத்துவிடும், பெட்டி இஞ்சினை முடுக்காது. இது இல்லாமல் ரிமோட் ஸ்டார்ட்டர் போடாதீர்கள், கடையில் போட்டாலும் கேட்டு வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் காடியை விடும்போது மொத்தத்தையும் அணைத்து வைக்க ஒரு குட்டி சுவிட்சும் உண்டு, அதையும் தட்டிவிட்டுப் போங்கள்.

ஸ்டார்ட்டர் வயரை எங்கே இணைக்கிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாவித்துளைப் பக்கத்தில் இணைத்தால், பார்க் அல்லது நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் கியர் சுவிட்ச் வழியாகவே மின்சாரம் போகும். சுலபமாக இருக்கிறதே என்று இஞ்சின் பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டாரிலேயே நேராகக் கொடுத்தால் அந்தக் காவல் போய்விடும். கியர் டிரைவில் இருந்தாலும் காடி பாய்ந்துவிடும். நியூட்ரலில் நிற்கும் காடி உருளலாம் என்பதால் ஹேண்ட்பிரேக் வயரையும் சேர்த்தேன். ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தால்தான் இனி ஸ்டார்ட். மேனுவல் கியர் காடிக்கு இந்தக் கிட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புழக்கத்தில் எப்படி? அமுக்கியதும் பார்க்கிங் லைட் கண் சிமிட்டும், ஒரு மூச்சு இடைவெளி, பிறகு இஞ்சின். ஓடுகிற காடிக்குள் ஏறி, சாவியைப் போட்டு ஓன் வரைக்கும் மட்டும் திருக வேண்டும். பிறகு பிரேக்கை மிதித்தால் பெட்டி ஒதுங்கிக்கொண்டு சாவியிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். சாவி போடாமல் பிரேக்கை மிதித்தால் இஞ்சின் அணையும். ஸ்டீரிங் பூட்டும் சாவி போடும்வரை விலகாது. கண்ணாடியை உடைத்து ஏறுகிறவனால் ஓட்டிக்கொண்டு போக முடியாது. வீட்டுக்கார அம்மாவுக்குப் பழக்கதோஷம், ஓடும் இஞ்சினில் சாவியைக் கடைசி வரை திருகிவிடுவார். கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டீரிங் பக்கத்தில் ‘ஓன் மட்டும்’ என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ரிமோட் ஒருவழி ரகம். இஞ்சின் ஓடியதா இல்லையா என்று அது திருப்பிச் சொல்லாது, கண்ணில் பார்க்க வேண்டும் அல்லது காதில் கேட்க வேண்டும். திறந்த இடத்தில் நல்ல தூரம் எட்டுகிறது. பேரங்காடிக்குள் நின்று அமுக்கினால் கான்கிரீட்டைத் தாண்டாது. தாண்டாததே நல்லது, அடித்தளக் கார்பார்க்கில் ஆளில்லாமல் இஞ்சின் ஓடக் கூடாது. வீட்டிலும் போர்ச்சின் கேட்டைப் பலகை வைத்து அடைத்து, வாசல் கதவைத் திறந்து போட்டிருப்பவர்கள் புகை எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய காடியில் ஏர்கோன் போட்டுத் தூங்கி உயிர்போன செய்திகளை நம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

குளிர்ச்சிக்கு வருவோம். இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல வெயிலில் நின்ற காடியின் ஸ்டீரிங் 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. பத்து நிமிடம் ஏர்கோனோடு ஓடிய பிறகு 45 பக்கம். கையை வைக்கலாம், உட்கார்ந்ததும் முதுகு எரியாது. ஆனால் விளம்பரப் படத்தில் வருவது போல் சில்லென்று வரவேற்பு எல்லாம் கிடையாது. நின்ற இடத்தில் ஓடும் இஞ்சின் மெதுவாகத்தான் சுற்றும், அதோடு சேர்ந்து கம்பிரசரும் மெதுவாகத்தான் சுற்றும். மேலே உள்ள அனல் வெளியே போகவும் வழியில்லை. நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைத்து, கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் ஏறக்குறைய இதே பலன் வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது காசில்லாத முறை. முட்டி வலியோடு கோயில் வாசலில் நிற்கும் வீட்டுக்கார அம்மாவிடம் அந்த முறையைச் சொல்லிப் பார்த்தேன், முறைத்தார்.

விசிறிக் குமிழ் திருகும் ரகமாக இருப்பதும் எனக்கு வசதி. நேற்று விட்ட இடத்தில் நிற்கும், இஞ்சின் ஓடியதும் காற்று வரும். பொத்தான் அமுக்கும் டிஜிட்டல் ஏர்கோன் உள்ளவர்கள், இஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது தானாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் இந்தச் செலவு வீண்.

பெட்ரோல் பெரிய செலவில்லை. பத்து நிமிடத்துக்கு, அரசாங்க மானியப் பெட்ரோல் திட்டமான பூடி95-இன் விலை 1 வெள்ளி 99 காசில் கணக்குப் போட்டால் 30 காசு முன்னே பின்னே. பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். காடி அணைந்திருக்கும்போதும் ரிமோட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி இது, மீட்டரில் 20 மில்லி ஆம்பியர் காட்டியது. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. மைவியின் சின்னப் பேட்டரிக்கு, தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் நிறுத்திவைத்தால், பத்து ஆம்பியர்-மணி போய்விடும். அதுவும் ரெண்டு வருஷம் வெயில் தின்ற பேட்டரி என்றால் திரும்பி வந்ததும் ஜம்பர் கேபிள்தான். நீண்ட நாள் விட்டுப் போகிறவர்கள் பெட்டியின் பியூஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். இன்னொன்று: இஞ்சின் ஓடிவிட்டதா என்று இது வோல்டேஜ் ஏறுவதை வைத்துத்தான் ஊகிக்கிறது. பேட்டரி தளர்ந்தால் அந்த ஊகமும் தளரும்.

மொத்தச் செலவு, கிட், பைபாஸ், ஜாலான் பாசார் சாமான்கள் எல்லாம் சேர்த்து 300 வெள்ளிக்குள். பெட்டிக்கு அஞ்சுக்கு நாலு மார்க், வயருக்குப் பூஜ்யம், தாளுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. வாரண்டியில் இருக்கும் காடியிலும், பொத்தான் அமுக்கி ஸ்டார்ட் செய்யும் காடியிலும் இதைப் போடாதீர்கள். இரண்டாவதற்கு வேறு ரகம் வேண்டும், வயரிங்கும் வேறு. சாலிடர் பிடிக்கத் தெரியாதவர்கள் கடையிலேயே கொடுங்கள். ஆனால் பானெட் சுவிட்ச் போட்டீர்களா, ஸ்டார்ட்டர் வயரைச் சாவிப் பக்கமா இணைத்தீர்கள் என்று ரெண்டு கேள்வி கேளுங்கள். “அதெல்லாம் வேணாம் அங்கிள்” என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

விற்பனையாளரிடம் ஒரு கூடுதல் ரிமோட் கேட்டு எழுதியிருக்கிறேன், ஒன்றில் ரப்பர் பொத்தான் இப்போதே தளர்ந்துவிட்டது. தனியாக விற்பதில்லை, முழு செட்டாக வாங்குங்கள் என்று பதில் வந்திருக்கிறது.